பீடியை விட்ட பிறகு ஈறுகளில் ரத்தம் ஏன்?

ஈறு நோய் மருத்துவர் பதில்கள்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் பீடி, சிகரெட் சம்பந்தப்பட்டவை. அதில் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த ஒன்றை இரண்டு நாள் மேசை மேலேயே வைத்திருந்தேன். அதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 46 வயது. லாரி ஓட்டுகிறார். 22 வயதிலிருந்து பீடி. ஒரு நாளைக்கு ஒரு கட்டு ஆகிவிடும். மகள் கல்லூரியில் சேர்ந்த அன்று, அவள் அழுது கேட்டாள் என்பதற்காக அப்படியே விட்டுவிட்டார். 7 வாரம் ஆகிறது. 5-வது வாரத்திலிருந்து பல் தேய்த்தால் நுரை ரோஸ் நிறத்தில் வருகிறது. துப்பினால் ரத்தக் கோடு தெரிகிறது. "பீடி குடிச்ச இத்தனை வருஷத்துல ஒரு சொட்டு ரத்தம் வந்ததுண்டா? எகிறைப் பீடிதான் கெட்டியா வச்சிருந்துச்சு" என்கிறார். நேற்று துணி துவைக்கும்போது சட்டைப் பையில் தீப்பெட்டி இருந்தது. நான் என்ன சொல்லி அவரை நிறுத்துவது?
வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அம்மா, அந்தத் தீப்பெட்டியை எடுத்து அடுப்படியில் வைத்துவிடுங்கள். இனி நான் எழுதுவது அவருக்கு. அவரிடமே வாசிக்கக் கொடுங்கள்.

அண்ணாச்சி, நீங்கள் கவனித்தது சரிதான். பீடி குடித்தபோது ரத்தம் வரவில்லை, விட்ட பிறகு வருகிறது. என்னிடம் வருகிறவர்களில் பலர் இதையே சொல்கிறார்கள். பொய் சொல்லவில்லை. ஆனால் ரத்தம் வராமல் இருந்தது ஈறு நன்றாக இருந்ததால் இல்லை. நோய் இருந்தும் அதைக் காட்ட வேண்டிய அடையாளம் வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் தினமும் ஊத்தை படிகிறது. பார்ப்பதற்கு மாவு மாதிரி இருந்தாலும் அது முழுக்க கிருமிக் கூட்டம். அதை எடுக்காமல் விட்டால் உடம்பு சும்மா இருக்காது. அந்த இடத்துக்கு ரத்தத்தைக் கூடுதலாக அனுப்பும். நுண்ணிய ரத்த நாளங்கள் விரியும், புதிதாகக் கிளை விடும். அவற்றின் சுவர் வழியாக வெள்ளை அணுக்கள் வெளியே இறங்கிக் கிருமியைப் பிடிக்கும். இந்த ஏற்பாடு நடக்கும்போதுதான் ஈறு சிவந்து, உப்பி, பிரஷ் பட்டதும் ரத்தம் விடுகிறது. 1965-ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்தில் ஹரால்ட் லோ என்பவரும் அவருடைய குழுவினரும் ஆரோக்கியமான 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் 12 பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் போலத் தேறிவிட்டது. ஈறு மருத்துவம் படிக்கிற எல்லோரும் முதலில் படிப்பது இந்தச் சோதனையைத்தான்.

இதே மாதிரிச் சோதனையைப் பிறகு 1980-களில் ஸ்வீடனில், புகைப்பவர்களையும் புகைக்காதவர்களையும் வைத்துச் செய்தார்கள். இரண்டு தரப்புக்கும் ஊத்தை ஒன்றுபோலவே படிந்தது. சிவப்பும் ரத்தக் கசிவும் மட்டும் புகைப்பவர்களிடம் தெளிவாகக் குறைவு. கிருமி அதே கிருமிதான், எதிர்க்க வேண்டிய உடம்புதான் அரை மனதாக எழுந்து வருகிறது.

உங்கள் ஊருக்குக் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வருகிறது. மடையைத் திறந்தால்தான் வயலுக்குள் பாயும். பாயும்போது வரப்பு ஓரம் கொஞ்சம் கசியத்தான் செய்யும். மடையை அடைத்து வைத்துவிட்டு, என் வரப்பில் கசிவே இல்லை என்று ஒரு சம்சாரி சந்தோஷப்பட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? 24 வருஷம் உங்கள் ஈற்றுக்கு அதுதான் நடந்தது.

நிகோடின் ரத்த நாளத்தைச் சுருக்குவதால்தான் இப்படி என்று எங்களுக்குக் கல்லூரியில் சொல்லித் தந்தார்கள். அது முழுக் கதை இல்லை என்று பிறகு தெரிந்தது. ஒரு பீடியின் நிகோடின் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். வருஷக் கணக்கில் புகைப்பவரின் ஈற்றில், வீக்கம் வரும்போது கிளைக்க வேண்டிய நுண் நாளங்கள் கிளைப்பதே குறைந்துபோகிறது. இதோடு கார்பன் மோனாக்சைடும் சேர்கிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு அது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அதனால் ஈற்றுக்குப் போகிற ஆக்ஸிஜன் குறைகிறது. எலும்பைக் கரைக்கிற ஈறு நோய்க் கிருமிகள் பெரும்பாலும் காற்றில்லாத இடத்தில் வளர்பவை, அவற்றுக்கு இது வசதியாகப் போய்விடுகிறது. பீடி சின்னதாக இருப்பதால் சிகரெட்டைவிடப் பரவாயில்லை என்று நம் பக்கம் ஒரு நினைப்பு உண்டு. அது தவறு. பீடி இலைக்குள் காற்று எளிதில் புகாது. அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். நிகோடினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் அதிகமாகவே உள்ளே போகின்றன.

இப்போது நீங்கள் விட்டுவிட்டீர்கள். மடை திறந்துவிட்டது. இத்தனை வருஷம் ஈற்றுக்கு அடியில் ஊத்தை படிந்து கல்லாய் இறுகிக் கிடக்கிற காரையை உடம்பு இப்போதுதான் எதிர்க்க ஆரம்பித்திருக்கிறது. லண்டனில் புகையை விட்ட 27 பேரைக் கவனித்த ஒரு ஆய்வு 2003-ல் வெளியானது. 4 முதல் 6 வாரத்துக்குள், ஈறு ஆழம் அளக்கும் கம்பியால் தொட்டால் ரத்தம் வரும் இடங்கள் 16 சதவீதத்திலிருந்து 32 சதவீதமாகக் கூடிவிட்டன. அத்தனைக்கும் அவர்கள் முன்பைவிடப் பல்லைச் சுத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். உங்களுக்கு 5-வது வாரத்தில் ஆரம்பித்தது என்று உங்கள் வீட்டம்மா எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு இந்த ஆய்வுதான் ஞாபகம் வந்தது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்து இரண்டாவது வருஷம் என்னிடம் ஒரு வேன் டிரைவர் வந்தார். 38 வயது, நாளைக்கு 20 சிகரெட். பல்லில் கறை எடுக்க வேண்டும் என்றார். ஈறு வெளிறிய நிறத்தில், தடித்து, ஓரம் உருண்டு, அழுத்தினால் ரப்பர் மாதிரி கெட்டியாக இருந்தது. ஒரு துளி ரத்தம் இல்லை. ஈறு நலம் என்று சீட்டில் எழுதி, கறையை எடுத்து அனுப்பிவிட்டேன். அளவுக் கம்பியைப் பல்லுக்கும் ஈற்றுக்கும் நடுவில் விட்டுப் பார்க்கவில்லை. நான்கு வருஷம் கழித்துத் திரும்பி வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு செய்தித்தாள் மடிப்பை எடுத்துப் பிரித்தார். உள்ளே அவருடைய மேல் முன்பல் முழுசாக இருந்தது, வேரோடு. சொத்தை இல்லை, உடையவில்லை. பரோட்டாவைக் கடித்தபோது கையோடு வந்துவிட்டது என்றார். பக்கத்துப் பல்லில், அண்ணத்துப் பக்கம் கம்பியை விட்டேன். 8 மில்லிமீட்டர் இறங்கியது. "வலியும் இல்ல, ரத்தமும் இல்லையே டாக்டர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். முதல் முறை வந்தபோதே அளந்திருந்தால் அந்தப் பல்லைக் காப்பாற்றியிருக்கலாம். அது என்னுடைய தவறு. அன்றிலிருந்து புகைப்பவர் யார் வந்தாலும், என்ன காரணத்துக்காக வந்தாலும், முதலில் அளக்காமல் நான் எதையும் தொடுவதில்லை.

நீங்களும் அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும் அண்ணாச்சி. "சுத்தம் செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள், "ஈறு ஆழம் அளந்து எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். அது ஒரு மெல்லிய, நுனி மழுங்கிய கம்பி. அதில் 1, 2, 3, 5, 7, 8, 9, 10 என்று மில்லிமீட்டர் கோடு போட்டிருக்கும். 4-ம் 6-ம் இருக்காது, வாய்க்குள் சட்டென்று படிக்கும்போது குழம்பாமல் இருப்பதற்காக விட்ட இடைவெளி அது. ஒரு பல்லுக்கு 6 இடத்தில் அளப்போம். 28 பல் இருந்தால் 168 எண். 1 முதல் 3 வரை இருந்தால் நலம். 4-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும். புகைத்தவர்களுக்கு மேல்தாடையின் உட்பக்கம், முன்பற்களின் பின்பக்கம்தான் பெரும்பாலும் ஆழம் அதிகம். கண்ணாடியில் நீங்கள் பார்க்க முடியாத இடம் அது. எக்ஸ்ரேயும் எடுத்து எலும்பு எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த எண் எழுதிய தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். அடிக்காரையை எடுத்து மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து ஒப்பிட வேண்டும்.

அதுவரை ரத்தம் வருகிறதே என்று துலக்குவதை நிறுத்திவிடாதீர்கள். மென்மையான பிரஷ்ஷால் ஈறு ஓரத்தில் சாய்த்து வைத்து, காலையும் இரவும். ரத்தம் வரும் இடம்தான் அதிகம் துலக்க வேண்டிய இடம். பீடி எண்ணம் தாங்க முடியாமல் வந்தால் 1800-11-2356 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அரசாங்கத்தின் புகையிலை விடுப்பு உதவி எண், காசு கிடையாது. நீங்கள் வாங்கிக்கொண்டிருந்த கட்டின் மேலேயே அந்த எண் அச்சடித்திருக்கும்.

மகளுக்கு நீங்கள் கொடுத்த வாக்கு உங்கள் எகிறில் வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது. அந்த ரோஸ் நுரையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பயப்பட வேண்டியது அது வராமல் இருந்த வருஷங்களைப் பார்த்துத்தான்.

கேள்வி: எனக்கு 34 வயது, பனியன் கம்பெனியில் வேலை. நாளைக்கு 15 சிகரெட். ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் 11,400 என்று வந்திருக்கிறது. அதிகமாக இருந்தால் எதிர்ப்பு சக்தி அதிகம் என்றுதானே அர்த்தம்? ஆனால் பல் டாக்டர் எனக்கு எலும்பு வரை ஈறு நோய் இருப்பதாகச் சொல்கிறார். இரண்டும் எப்படிப் பொருந்தும்?
வாசகர், திருப்பூர்

பதில்: பொருந்தும் தம்பி. புகைப்பவர்களுக்கு வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை கூடுவது சாதாரணமாகப் பார்க்கிற விஷயம். ஆனாலும் வேறு தொற்று இருக்கிறதா என்று உங்கள் பொது மருத்துவரிடம் அந்த ரிப்போர்ட்டைக் காட்டிவிடுங்கள். சிகரெட்தான் காரணம் என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

ஆள் எண்ணிக்கையை வைத்து வேலையைக் கணக்கிட முடியாது என்பது கம்பெனியில் வேலை பார்க்கிற உங்களுக்கே தெரியும். வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் என்று ஒரு வகை. ஈற்றின் முதல் காவல் அதுதான். ஈறு ஓரத்து இடுக்கு வழியாக நிமிஷத்துக்குச் சுமார் 30,000 நியூட்ரோஃபில்கள் வாய்க்குள் வந்துகொண்டே இருக்கின்றன, நீங்கள் தூங்கும்போதும் கூட. கிருமி எந்தப் பக்கம் இருக்கிறது என்று ரசாயன வாசனை பிடித்து, அங்கே ஊர்ந்து போய், அதை விழுங்கிச் செரிப்பதுதான் அவற்றின் வேலை.

புகையில் இருக்கிற நிகோடின், அக்ரோலின் போன்றவை இந்த வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் கெடுக்கின்றன. திசை பார்த்து ஊர்ந்து போவது குறைகிறது. விழுங்குவது குறைகிறது. சரி, வேலைதானே குறைகிறது என்று விட்டுவிடவும் முடியாது. நியூட்ரோஃபிலுக்குள் எலாஸ்டேஸ், கொலாஜனேஸ் என்று கிருமியையும் திசுவையும் அறுக்கிற என்சைம்கள் பை பையாக இருக்கின்றன. புகைப்பவரின் நியூட்ரோஃபில் அவற்றைக் கிருமி மேல் சரியாகப் பயன்படுத்தாமல், சுற்றியிருக்கிற திசுவில் கொட்டிவிடுகிறது. பல்லை எலும்போடு கட்டி வைத்திருப்பது கொலாஜன் நார்கள்தான். கிருமி தப்பிக்கிறது, கட்டு அறுகிறது. ஈறு நோயில் உங்கள் எலும்பைக் கரைப்பது நேரடியாகக் கிருமி இல்லை, பெரும்பகுதி உங்கள் உடம்பின் சொந்தப் போராட்டம் தடம் மாறிப்போய்ச் செய்கிற சேதம். இதைப் புரிய வைப்பதுதான் எனக்கு எப்போதுமே கஷ்டம், அதனால் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள்.

அடுத்த வரிசையிலும் இதே நிலைதான். கிருமிகளைக் குறிவைத்து ஒட்டிக்கொள்கிற ஆன்டிபாடி என்ற புரதம் உண்டு. அதில் ஐஜிஜி என்ற வகை, குறிப்பாக அதன் இரண்டாம் பிரிவு, புகைப்பவர்களுடைய ரத்தத்தில் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். கிருமி மேல் அது ஒட்டியிருந்தால்தான் நியூட்ரோஃபிலுக்குப் பிடி கிடைக்கும். எலும்பைக் கரைக்கிற செல்களைத் தூண்டுவது ஒரு புரதம், அதைத் தடுத்து நிறுத்துவது ஆஸ்டியோபுரோடிஜெரின் என்ற இன்னொரு புரதம். புகைப்பவர்களிடம் தடுக்கிற பக்கம்தான் இளைத்திருக்கிறது. ஈற்றின் காயத்தை மூடித் தைக்க வேண்டிய ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களும் நிகோடின் பட்டால் வேர் மேல் சரியாக ஒட்டுவதில்லை.

ஆக, உங்கள் 11,400-ம் பல் டாக்டர் சொன்னதும் ஒன்றோடு ஒன்று முரண்படவில்லை. உடம்பு ஆளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது, போய்ச் சேர்ந்தவர்கள் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. உங்கள் வயதில் எலும்பு வரை போயிருப்பதால் காலம் தாழ்த்த வேண்டாம். சர்க்கரையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். புகையும் சர்க்கரையும் சேர்ந்தால் ஈறு மிக வேகமாகப் போகும்.

கேள்வி: எங்கள் தாத்தா தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். ஒரு நாளும் பிரஷ் பிடித்ததில்லை. 40 வயதிலேயே பல் எல்லாம் போய்விட்டது. அவருடைய தம்பியும் பிரஷ் பிடிக்காதவர்தான், அவருக்கு 70 வயதில் கூடப் பல் இருந்தது. அப்படியானால் எல்லாம் பிறப்பிலேயே எழுதியது தானா?
வாசகர், ஹட்டன், இலங்கை

பதில்: உங்கள் கேள்விக்கு உங்கள் மலையக மக்களிடமிருந்தே பதில் கிடைத்திருக்கிறது. மேலே டென்மார்க் சோதனையைச் சொன்னேனே, அதே ஹரால்ட் லோவின் குழு 1970-ல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ்த் தொழிலாளிகளை, எல்லோரும் ஆண்கள், பரிசோதித்தது. பிரஷ் பழக்கமோ பல் வைத்தியமோ இல்லாதவர்கள். 15 வருஷம் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்து 1986-ல் வெளியிட்டார்கள். எல்லோர் வாயிலும் ஊத்தையும் காரையும் நிறைய. ஆனாலும் 8 சதவீதம் பேருக்கு நோய் மிக வேகமாக ஓடி, 45 வயதுக்குள் பல் எல்லாம் போய்விட்டது. 81 சதவீதம் பேருக்கு நடுத்தர வேகம். 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி நோய் போகவே இல்லை. உங்கள் தாத்தா முதல் கூட்டம், சின்னத் தாத்தா கடைசிக் கூட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

உலகத்தில் எந்தப் பல் மருத்துவக் கல்லூரியிலும் இந்த எண்களைப் படிக்காமல் ஈறு மருத்துவராக முடியாது. எனக்கு அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம், கொழுந்துக் கூடைகளுக்கு நடுவில் வாயைத் திறந்து காட்டிய அந்த இளைஞர்கள்தான் மனதில் வருகிறார்கள். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர்கள் வாயிலிருந்து தெரிந்தது.

பிறப்பின் பங்கு உண்டு என்பது உண்மை. எதிர்ப்பு சக்தி ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. ஆனால் அதோடு முடியவில்லை. அதே மனிதர்களில் உயிரோடு இருந்தவர்களைத் தேடிப்பிடித்து, 40 வருஷம் கழித்து மறுபடி பரிசோதித்தார்கள். 2017-ல் வந்த அந்த ஆய்வில் நோய் தொடங்குவதோடு சேர்ந்து தெரிந்தவை இரண்டு, காரையும் புகைப்பழக்கமும். பிறப்பை நாம் மாற்ற முடியாது. இந்த இரண்டையும் மாற்ற முடியும். தாத்தா புகைத்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நீங்கள் அவருடைய பேரன் என்பதால், 30 வயது தாண்டியிருந்தால் ஒரு முறை ஆழம் அளந்துகொள்வது நல்லது.

கேள்வி: நான் நாளைக்கு 4 சிகரெட்டுக்கு மேல் தொடுவதில்லை. இதற்குமா பயப்பட வேண்டும்?
வாசகர், மதுரை

பதில்: ஆமாம். அமெரிக்காவில் தேசிய அளவில் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பை ஆராய்ந்து 2000-ல் வெளியிட்டார்கள். நாளைக்கு 9 அல்லது அதற்குக் குறைவாகப் புகைப்பவர்களுக்கே, புகைக்காதவர்களைவிட ஈறு நோய் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 2.8 மடங்கு. 31-க்கு மேல் போனால் 6 மடங்கை நெருங்குகிறது. அந்த நாட்டில் பெரியவர்களுக்கு வந்த ஈறு நோயில் பாதிக்கு மேல் புகையால் வந்திருக்கக்கூடும் என்று கணக்கிட்டார்கள். நாங்கள் இப்போது நோயை வகைப்படுத்தும்போதும், நாளைக்கு 10 சிகரெட்டோ அதற்கு மேலோ என்றால் வேகமாகப் பரவும் வகையில் சேர்க்கிறோம், அதற்குக் குறைவு என்றால் நடு வகை. புகைக்காதவர் வகையில் உங்களைச் சேர்ப்பதில்லை.

அதே கணக்கெடுப்பில் நல்ல செய்தியும் இருந்தது. விட்டு 11 வருஷம் ஆனவர்கள், ஒரு நாளும் புகைக்காதவர்களோடு கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டார்கள். 4 என்பது விடுவதற்கு எளிதான எண். இன்றைக்கே விடலாம்.

கேள்வி: பல் சுத்தம் செய்தால் பல் ஆட ஆரம்பிக்கும் என்று மாமியார் தடுக்கிறார். என் கணவர் சிகரெட் பிடிப்பவர், அவருக்கு அடைஅடையாய்க் காரை. சுத்தம் செய்யலாமா?
வாசகி, கோவில்பட்டி

பதில்: தாராளமாகச் செய்யலாம். மாமியார் சொல்வது பொய் இல்லை, அவர் பார்த்த ஒன்றுக்குத் தவறான காரணம் சொல்கிறார். எலும்பு ஏற்கெனவே போன பல்லைக் காரைதான் சிமெண்ட் மாதிரி பக்கத்துப் பல்லோடு சேர்த்துப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரியும். காரையை விட்டு வைத்தால் மிச்ச எலும்பும் போகும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். சிகரெட்டை விடாமல் சுத்தம் மட்டும் செய்தால் பலன் குறைவாக இருக்கும். ஆழமான ஈற்றுப் பைகள், அதாவது பல்லுக்கும் ஈற்றுக்கும் நடுவில் விழுந்த பள்ளங்கள், புகைக்காதவர்களுக்குச் சுருங்குகிற அளவைவிடப் புகைப்பவர்களுக்குச் சராசரியாக 0.4 மில்லிமீட்டர் போலக் குறைவாகவே சுருங்குகின்றன. சின்ன எண்ணாகத் தெரியும். ஆழமான இடம் ஒவ்வொன்றிலும் யோசித்துப் பாருங்கள். பணம் செலவழித்து வைத்தியம் செய்கிறீர்கள், முழுப் பலன் கிடைக்கட்டும். சுத்தம் செய்யும் தேதியையே சிகரெட்டை விடும் தேதியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். என்னிடம் அப்படி விட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கேள்வி: புகையிலை கலந்த பல்பொடியால் தேய்த்தால் ஈறு வலி அடங்குகிறது. தொடரலாமா?
வாசகி, சங்கரன்கோவில்

பதில்: வேண்டாம். வலி அடங்குவது போலத் தெரிவதால்தான் அதை விட முடியாமல் போகிறது. பல்பொடியிலும் பேஸ்ட்டிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992-லேயே தடை செய்துவிட்டது. கடையில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வலிக்கு என்ன காரணம் என்று பார்க்க வேண்டும், நேரில் காட்டுங்கள்.

கேள்வி: சிகரெட்டை விட்டு 10 நாள் ஆகிறது. வாய் முழுக்கச் சின்னச் சின்னப் புண். உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லையோ?
வாசகர், தஞ்சாவூர்

பதில்: விட்ட முதல் இரண்டு வாரத்தில் பலருக்கு இந்தப் புண் வருகிறது. பெரும்பாலும் சில வாரத்தில் தானாக அடங்கிவிடும். காரத்தையும் சூட்டையும் குறைத்து, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள். அதைக் காரணம் காட்டித் திரும்பவும் பற்ற வைக்காதீர்கள். ஆனால் ஏதாவது ஒரு புண் இரண்டு வாரம் தாண்டியும் ஆறாமல் அதே இடத்தில் இருந்தால், வலி இல்லாவிட்டாலும், குறிப்பாக வலி இல்லாவிட்டால், உடனே பல் மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள். எத்தனை வருஷம் புகைத்தீர்கள் என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.